அமிர்தவள்ளியின் பிரஸ்

ஷூ கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தோல் வெட்டி ஒட்டிக் கொடுக்கிற எங்கள் ஜாப் ஒர்க் ஷெட்காரர்கள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. "எலியாஸ் அண்ணா, மூணாங்கிளாஸோட நின்னுட்டு சொந்தமா ஷெட் போட்ட கதையை எழுதிக் குடுங்க, பசங்க படிக்கட்டும்" என்று கேட்டார்கள். அந்தக் கதை தெரியாத ஆள் ஆம்பூர் பஜாரில் கிடையாது. பேரணாம்பட்டிலிருந்து சைக்கிள் கேரியரில் ஈரத்தோல் கட்டி மிதித்து வந்தவன் நான். நாற்றத்துக்குப் பயந்து எந்த பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். அப்படி என்னை இறக்கிவிட்ட ஒரு கண்டக்டரின் மகன் இன்றைக்கு என் ஷெட்டில் பேக்கிங் பார்க்கிறான். என் கதை இவ்வளவுதான், போதும். எனக்கு ஒதுக்கின பக்கங்களில் அமிர்தவள்ளியைப் பற்றி எழுதப் போகிறேன். ஆட்சேபணை இருக்கிறவர்கள் ஷெட்டுக்கு வந்து என் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும்.

அமிர்தவள்ளிக்கு அணைக்கட்டுப் பக்கம் பிறந்த வீடு. மாதனூரில் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் சுந்தரமூர்த்தி லாரி ஆபீசில் வேலை. தங்கமான மனுஷன். ஆனால் தெருநாய் குரைத்தால் கூட சந்து மாறிப் போகிற ஆள். தொண்ணூறுகளில் என் ஷெட்டுக்குப் பசை ஒட்டுகிற வேலைக்கு வந்தாள். ஷூவின் மேல்பாகத்துக்குத் துண்டு துண்டாக வெட்டின தோலை மடித்து ஒட்டுகிற வேலை அது. அந்தப் பசைக்கு சொல்யூஷன் என்று பெயர். அதன் வாடை புதுசாக வருகிறவர்களுக்குத் தலையைச் சுற்றும். வாந்தி வரும். அதற்கு எங்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. ஆளைத் தூக்கிப் போய் கேட் பக்கத்துப் புங்க மரத்தடியில் உட்கார வைத்து, தலையில் தண்ணீர் தெளித்து, மோர் கொடுப்போம். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிடுவார்கள். இந்த மரத்தடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுகிற இடத்துக்கு அடுத்த தடுப்பில் கட்டிங். அது ஆம்பளைகள் கோட்டை. மேசை மேல் தோலை விரித்து, தழும்பு ஓட்டை எல்லாம் ஒதுக்கி, டை என்கிற இரும்பு அச்சை வைத்து, ரெண்டு கையாலும் ரெண்டு பட்டனை அமுக்கினால் பிரஸ் டொம் என்று இறங்கும். துண்டு வெட்டிக்கொண்டு வரும். அங்கே மாஸ்டர் நயீம் அகமது. என்னோடு ஷெட் ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறார். காலையில் அவர்தான் தன் கையால் ஒவ்வொரு மேசையிலும் தோல் வைப்பார். யாருக்கு நல்ல தோல், யாருக்கு மட்டம் என்பது அவர் இஷ்டம். அவர் வைக்காமல் யாரும் தோலைத் தொடக் கூடாது. முதலாளி நானே தொட மாட்டேன். என் ஷெட்டில் என்னை விடப் பெரிய சட்டம் இது ஒன்றுதான்.

ஒரு தடவை சரக்கு அனுப்புகிற அவசரத்தில் கட்டிங் ஆள் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டான். அவன் பிரஸ் சும்மா நின்றது. சாப்பாட்டு நேரத்தில் டொம் டொம் என்று சத்தம். நயீம் மாஸ்டர் வாயில் சோற்றோடு ஓடினார். அமிர்தவள்ளி உட்கார்ந்து வெட்டிக் கொண்டிருக்கிறாள்.

"யாரைக் கேட்டும்மா தோலைத் தொட்டே?"

"தோலை எங்க தொட்டேன் மாஸ்டர்? இது நீங்க கழிச்சி மூலையில போட்ட துண்டு. குப்பையைத் தொடறதுக்கும் உங்களைக் கேக்கணுமா?"

அவள் வெட்டின துண்டுகளை மாஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் வந்து, "மொதலாளி, கை நல்ல கை. ஆனா பொம்பளை நெஞ்சுக்கு இந்த டொம் டொம் தாங்காது. சொல்லிட்டேன்" என்றார். மறுநாள் காலையில் அந்த மேசையில் ஒரு தோல் இருந்தது. மற்ற ஆம்பளைகள் முணுமுணுத்தார்கள். நான், "முணுமுணுக்கிறவன் ராணிப்பேட்டைக்கு பஸ் ஏறலாம்" என்றேன். ஒருவனும் ஏறவில்லை.

பொம்பளையை பிரஸ்ஸில் உட்கார வைத்தவன் நான் என்று ஊரெல்லாம் சொல்வேன். அவள் எதிரிலேயே சொல்வேன். "எங்க மொதலாளி ஒக்கார வெச்சீங்க? நானே தான ஒக்காந்தேன்?" என்பாள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

வருஷங்கள் ஓடின. அவள் கைக்கு வேகம் வந்தது. மாஸ்டர் அவள் மேசையில் நல்ல தோலாகவே வைக்க ஆரம்பித்தார். ஆனாலும் அவள் ஒருநாள் கையை உதறினால் போதும், பக்கத்து மேசையிலிருந்து, "இன்னாக்கா, நெஞ்சு தாங்கலியா?" என்று ஒரு குரல் வரும். "உன் வாய் தான்டா தாங்கல" என்பாள் அவள்.

ரெண்டாயிரத்து ஏழு. நல்ல சித்திரை வெயில். அன்றைக்கு அவள் பிரஸ் விட்டு விட்டுத்தான் இறங்கியது. மாஸ்டர் போய்ப் பார்த்தார்.

"ஏம்மா இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"ஃபேன் ஓடல மாஸ்டர்."

"ஃபேன் ஓடுதே."

"உங்களுக்கு ஓடுது."

கொஞ்ச நேரத்தில் மேசை ஓரத்தில் வாந்தி எடுத்தாள். உடனே ஒட்டுகிற பெண்கள் கத்தினார்கள், "சொல்யூஷன் தூக்கிடுச்சி, சொல்யூஷன் தூக்கிடுச்சி!" அவ்வளவுதான், எங்கள் வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. மாஸ்டரே தாங்கிப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப் போனார். தலையில் தண்ணீர். வாயில் மோர். வேறு எந்த ஊராக இருந்தாலும் நாற்பத்தைந்து வயசுப் பொம்பளை இப்படி வேர்த்து வாந்தி எடுத்தால் வேறு எதையாவது நினைத்திருப்பார்கள். நாங்கள் சொல்யூஷனை நினைத்தோம்.

நான் ஆபீஸிலிருந்து இறங்கி வந்தபோது அவள் முகம் சுண்ணாம்பு போல இருந்தது.

"மொதலாளி, இது சொல்யூஷன் இல்ல."

"சொல்யூஷன் தாம்மா" என்றார் மாஸ்டர். "காத்து அந்தப் பக்கத்துல இருந்து அடிக்குது. இன்னும் கொஞ்சம் மோர் குடி."

"பேஜார் பண்ணாதீங்க மாஸ்டர். இத்தினி வருஷமா அந்த வாடையில தான் சோறு துன்றேன், எனக்குத் தெரியாதா? அது தலையில ஏறும். இது நெஞ்சு மேல ஏறி நிக்குது. தாடை எல்லாம் வலிக்குது. மொதலாளி, வண்டியை எடுக்கிறீங்களா, இல்ல நான் நடந்து போவட்டுமா?"

சொல்லிவிட்டு எழுந்தே விட்டாள். நான் வேனை எடுத்தேன். மாஸ்டரும் ஏறிக்கொண்டார்.

பக்கத்து கிளினிக்கில் நெஞ்சில் ஒயர் ஒட்டி காகிதம் எடுத்தார்கள். டாக்டர் அதைப் பார்த்த வேகத்தில் மாத்திரைகளைக் கொடுத்து மென்று முழுங்கச் சொன்னார். "ஹார்ட் அட்டாக். வேலூருக்குப் போங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். வழியில டீ குடிக்கக் கூட நிக்காதீங்க" என்றார். சுவரில் சாய்ந்துவிட்ட மாஸ்டரையும் பிடித்து வேனில் ஏற்றினேன்.

வேனை நான்தான் ஓட்டினேன். டிரைவர் வைத்திருக்கிறேன், ஆனால் அன்று என் கையை நம்பினேன். மாதனூரில் சுந்தரமூர்த்தியை ஏற்றினோம். ஏறினதிலிருந்து அழுகை. "ஏங்க, வலி எனக்கு, அழுவை உங்களுக்கா? ஓரமா ஒக்காந்து அழுவுங்க, கால் நீட்டணும்" என்றாள். நாலு வழி ரோடு போடுகிறேன் என்று அப்போது வழியெல்லாம் தோண்டி வைத்திருந்தார்கள். பள்ளிகொண்டா தாண்டி எதிர்ப்பக்கத்தில் புகுந்தேன். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். நானும் கையைக் காட்டினேன். ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளு கட்டிலில் உள்ளே கொண்டு போனார்கள். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, மருந்து செலுத்தி, படம் பார்த்தார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா வந்து என்னையும் சுந்தரமூர்த்தியையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். சின்ன வயசு, பேச்சில் அலட்டல் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அமிர்தவள்ளி படுத்திருந்தாள். நினைவோடுதான் இருந்தாள். இந்தப் பக்கம் திரையில் அவள் இதயத்து ரத்தக்குழாய்கள் ஓடின.

"இங்க பாருங்க. இந்தக் குழாய் பாதியிலயே நின்னுடுது. உள்ளே ரத்தம் உறைஞ்சி பெரிய கட்டியா அடைச்சிருக்கு. வழக்கமா பலூனை விட்டு ஊதி வழி பண்ணுவோம். இவ்வளவு பெரிய கட்டி மேல ஊதினா அது உடைஞ்சி, கீழ இருக்கிற சின்னச் சின்ன குழாய்ல போய் அடைச்சிக்கலாம். அதனால முதல்ல கட்டியை உறிஞ்சி வெளியே எடுக்கப் பார்க்கிறோம்."

"உறிஞ்சறதா?" என்றான் சுந்தரமூர்த்தி. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "ஊசி போட்டுக் கரைக்க முடியாதுங்களா?"

"கரைக்கிற மருந்து இருக்கு. ஆனா இங்க வந்து குழாயும் உள்ளே விட்டாச்சு. இப்போ நேரா திறக்கிறது தான் நல்லது. இந்த உறிஞ்சற குழாய் எல்லாருக்கும் தேவைப்படாது. இவங்களுக்குத் தேவைன்னு நினைக்கிறோம். நூத்துக்கு நூறு உத்தரவாதம் நான் தர மாட்டேன்."

"எங்க அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு..." என்று அவன் இழுத்தான்.

அந்த அறையிலிருந்து உள்ளே பேச மைக் ஒன்று இருந்தது. நாங்கள் பேசினது எல்லாம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"உங்க அண்ணனுக்கா நெஞ்சு வலிக்குது? ஏங்க, நான் வீட்ல சொல்லியிருக்கேன் இல்ல? பசை டியூப் வாயில காஞ்சி அடைச்சிக்கும். பின்னால இருந்து அமுக்குனா இன்னா ஆவும்? டியூப் தான் கிழியும். அடைச்சதை இழுத்துத் தான எடுப்போம்? அதைத் தான் அந்தம்மா சொல்றாங்க. டாக்டரம்மா, நீங்க எடுங்க. கையெழுத்து நான் போடறேன்."

"சரிம்மா" என்றார் டாக்டர்.

"ஒண்ணு கேக்கணும். எடுத்துட்டா நான் பிரஸ்ல ஒக்காரலாமா?"

"என்ன பிரஸ்?" என்று டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் மைக்கில் குனிந்தார். "முதல்ல எழுந்து ஒக்காருங்கம்மா. பிரஸ்ஸை அப்புறம் பார்ப்போம்."

"அப்புறம்னா எப்போ?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களை வெளியே அனுப்பினார்கள்.

உள்ளே நடந்ததை அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "தலைக்கு மேல டி.வி.யில நரம்பு ஓடுது மொதலாளி. நம்ம மட்டமான தோல்ல நரம்புத் தடம் தெரியும் பாருங்க, அச்சு அசல் அதே. உள்ள கம்பி போச்சு, கம்பி மேலயே ஒரு குழாய் போச்சு. குழாயோட வெளி முனையில பெரிய ஊசி சிரிஞ்சி. இழுக்கறாங்க, ரத்தம் வருது. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி இழுக்கறாங்க, ரத்தம் வரல. எனக்கு பக்குனு ஆச்சு. அந்தம்மா, 'வரலன்னா நல்லது, கட்டி வாயில மாட்டியிருக்கு, விடாம இழுத்துக்கிட்டே வெளியே வாங்க'ன்றாங்க. இழுத்துக்கிட்டே குழாயை முழுசா வெளியே எடுத்தாங்க. திரும்ப மருந்து விட்டாங்க. நின்ன குழாய்ல ரத்தம் கீழ வரைக்கும் ஓடுச்சி. நெஞ்சு மேல நின்னவன் இறங்கிட்டான்."

அதற்குப் பிறகு அங்கே ஸ்டென்ட் என்கிற கம்பி வலையை வைத்தார்களாம்.

வெளியே வந்த டாக்டரம்மா ஒரு சின்ன வலையில் வடிகட்டினதைக் காட்டினார். கருஞ்சிவப்பாக, உதிர்ந்த நூல் துண்டு மாதிரி ரெண்டு மூணு. சுந்தரமூர்த்தி பார்க்கவே மாட்டேன் என்று திரும்பிக்கொண்டான். நான் பார்த்தேன். டன் கணக்கில் தோல் தூக்கினவன் நான், இந்தத் துக்குணி ஒரு ஆளைச் சாய்க்குமா என்று கேட்டேன். "இதுவே ஜாஸ்தி சார்" என்றார் அவர். காரிடாரில் மாஸ்டர் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து எழுந்திருக்கவில்லை. எடுத்துவிட்டார்கள் என்று சொன்னதும் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

செலவை யார் பார்த்தது என்று சில பேர் இன்னும் விசாரித்துக்கொண்டு இருக்கிறார்கள். அது உங்களுக்கு எதற்கு?

வீட்டில் இருந்தாள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாள், சொன்னபடி நடந்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் ஓடுகிற பட்டை மேல் நடக்கவிட்டு, ஸ்கேன் எடுத்து, இதயம் நன்றாக வேலை செய்கிறது, வேலைக்குப் போகலாம் என்றார்கள். மறுநாளே டிபன் பாக்ஸோடு ஷெட் வாசலில் நிற்கிறாள்.

நான் அவளைக் கூப்பிட்டு, "அமிர்தம், செக்கிங் மேசைக்கு வந்துடு. ஃபேனுக்குக் கீழ நாற்காலி. சம்பளம் அதே சம்பளம்" என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன். இன்றைக்கும் அதில் தப்பில்லை என்றுதான் சொல்வேன்.

"செக்கிங்ல ஒக்காந்து அடுத்தவன் வெட்டினதைத் தடவிப் பார்க்கவா கட்டியை உறிஞ்சி எடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு நேராகப் போய் தன் பிரஸ்ஸில் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் தோல் வைத்துக்கொண்டே வந்தார். முதல் மேசை, ரெண்டாம் மேசை. அமிர்தவள்ளி மேசை வந்தது. நிற்கவில்லை. தாண்டிப் போய்விட்டார்.

அவள் வெறும் மேசை மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் டொம் டொம் என்று பிரஸ் இறங்குகிறது. சாப்பாட்டு மணிக்கு எழுந்து சாப்பிட்டாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் எல்லாரோடும் கிளம்பினாள். மறுநாளும் அதே மாதிரி. நான் என்னதான் செய்வது? அன்று சாயங்காலம் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசினேன். "மொதலாளி, அந்தம்மா வெட்டணும்னா நீங்க வேற மாஸ்டர் பாத்துக்கோங்க. என் கையால முடியாது" என்றார். என் வாழ்க்கையில் என்னிடம் அப்படிப் பேசினவர்கள் கம்மி.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ரேக்கிலிருந்து நானே ஒரு தோலை எடுக்கப் போனேன். என் சட்டத்தை நானே மீறப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பார்த்துவிட்டாள்.

"மொதலாளி, கையை எடுங்க. நீங்க குடுத்தா அது தர்மம். மாஸ்டர் குடுத்தா தான் வேலை."

கையை எடுத்துவிட்டேன். கட்டிங்கில் ஒவ்வொரு பிரஸ்ஸாக நின்றது. எல்லார் கண்ணும் மாஸ்டர் மேல். அவர் அவள் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"அமிர்தம்மா, உன்னை மரத்தடியில ஒக்கார வெச்சி மோர் குடுத்தவன் நானு. திரும்ப என் கையாலயே தோல் வெச்சி, நீ அது மேல சாய்ஞ்சிட்டா நான் அல்லாவுக்கு இன்னா பதில் சொல்வேன்?"

"அல்லாவுக்கு நீங்க சொல்லிக்கோங்க மாஸ்டர். இப்போ நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அன்னிக்கி பஸ் ஏறும்போதே எனக்குத் தாடை வலி. பிரஸ்ல ஒக்காந்தப்போ நெஞ்சு வலி. வாயைத் திறக்கல. ஏன் தெரியுமா?"

மாஸ்டர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ஃபேன் ஓடலன்னு உங்க கிட்டப் பொய் சொன்னேன். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா, பாத்தியா, பொம்பளை நெஞ்சுக்குத் தாங்கலன்னு இந்த மேசையைப் புடுங்கிடுவீங்க. அதுக்குப் பயந்துக்கினு செத்தாலும் பரவால்லன்னு அமுக்கிக்கினு இருந்தேன். எங்க வூட்டுக்காரரைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்றேனே, அன்னிக்கி அவரை விட நான் தான் பயந்தாங்கொள்ளி."

பக்கத்து மேசைக்காரன் கையில் இருந்த டையைக் கீழே வைத்தான்.

"இனிமே வலிச்சா வாய்விட்டுக் கத்துவேன். நான் மட்டும் இல்ல, யாருக்கு வலிச்சாலும் கத்தட்டும். கத்தினா வண்டியை எடுங்க, மோரை எடுக்காதீங்க. வலிக்குதுன்னு சொன்னதுக்காக மேசையைப் புடுங்கக் கூடாது. இதுக்கு சரின்னா தோல் வெய்ங்க. இல்லன்னா நான் இங்கயே ஒக்காந்திருக்கேன். டாக்டரம்மா என்னை ஒக்காரச் சொல்லியிருக்காங்க."

"டாக்டரம்மா இங்க வந்தா ஒக்காரச் சொன்னாங்க?"

"பட்டை மேல ஓட விட்டுப் பாத்துட்டுத் தான் சொன்னாங்க. நீங்க ஒரு தடவை ஓடிக் காட்டுங்களேன், அந்த பீடியையும் தொப்பையையும் தூக்கிக்கினு. பாதியில இறங்கலன்னா நான் செக்கிங் மேசைக்குப் போயிடறேன்."

யாரோ ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டே ரேக்குக்குப் போனார். வெகுநேரம் புரட்டினார். தோளில் ஒரு தோலைப் போட்டுக்கொண்டு வந்து அவள் மேசையில், தன் கையால், விரித்தார்.

இருக்கிறதிலேயே மட்டமான தோல் அது. கழுத்திலிருந்து வால் வரை கீறல், உண்ணி கடித்த புள்ளி, நடுவில் ஒரு ஓட்டை. புதுசாக வந்த பையனுக்குக் கூட வைக்க மாட்டார்கள்.

அமிர்தவள்ளி அதை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஏன் மாஸ்டர், இந்த மாடு முள்வேலிக்குள்ளயே குடும்பம் நடத்துச்சா?"

"முடியலன்னா சொல்லும்மா. வேற தர்றேன்."

"முடியலன்னு நான் சொன்னேனா?"

டையை எடுத்தாள். ஓட்டைக்கு ஓரமாக, கீறலுக்கு நடுவில், திருப்பி வைத்தாள். ரெண்டு கையையும் பட்டனில் வைத்தாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். டொம் என்று இறங்கியது. அவர் கண்ணைத் திறந்தபோது அவள் அடுத்த இடத்துக்கு டையை நகர்த்தியிருந்தாள். அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மற்ற பிரஸ்கள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. அந்தத் தோலில் எடுக்க முடிகிறதை எல்லாம் எடுத்து முடித்து, மிச்சத்தை மூலைக்குத் தள்ளிவிட்டு, வெறும் மேசையைக் கையால் துடைத்தாள்.

"அடுத்ததைப் போடுங்க மாஸ்டர். இதுக்கு மேல என்னைச் சும்மா ஒக்கார வெச்சா மொதலாளி சம்பளத்துல புடிச்சிக்குவாரு."